இறக்கையை விட்டு விலகும் காற்றைப் பிடித்துவைக்கும் பிளாஸ்மா

விமான இறக்கையின் மேற்பரப்பில் காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழ்ப்பரப்பில் அதைவிட அதிகமாக இருக்கிறது. இந்த வேறுபாடுதான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. இறக்கையின் முன்விளிம்பை நிமிர்த்த நிமிர்த்தத் தூக்குவிசையும் கூடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பல இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகையை நெருங்கும்போது, மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று அதை விட்டு விலகிச் சுழல்களாகச் சிதறுகிறது. தூக்குவிசை சட்டென்று சரிகிறது, பின்னிழுக்கும் விசை பெருகுகிறது. விமானிகள் அஞ்சும் ‘ஸ்டால்’ இதுதான்.

காற்று ஏன் விலகுகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் 1904இல் ஹைடல்பர்க்கில் நடந்த கணித மாநாட்டில் விளக்கினார். பரப்பைத் தொடும் காற்று அதோடு ஒட்டி அசையாமல் நிற்கிறது. அதற்குச் சற்று மேலே மெல்லிய படலம் ஒன்று உராய்வால் வேகமிழந்து மெதுவாக நகர்கிறது. இதுவே எல்லைப் படலம். இறக்கையின் மேல்வளைவைக் கடந்தபின் பின்விளிம்பை நோக்கி அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. போதிய வேகமில்லாமல் மேட்டில் ஏறும் சைக்கிளைப் போல, படலத்தின் அடிக்காற்று அந்த அழுத்தத்தை எதிர்த்துச் செல்ல முடியாமல் நின்று, பின்னோக்கியும் திரும்புகிறது. மேலே ஓடும் காற்று அதன்மேல் ஏறி விலகிப் போய்விடுகிறது.

ஆகவே மருந்து தேவைப்படுவது அந்த மெல்லிய படலத்துக்குத்தான். இறக்கைமேல் சிறு தகடுகளை நிறுத்திச் சுழல்களை உண்டாக்குவது, நுண்துளைகள் வழியே காற்றை ஊதுவது அல்லது உறிஞ்சுவது எனப் பல வழிகள் கையாளப்பட்டுள்ளன. தகடுகள் தேவையில்லாத நேரத்திலும் காற்றைத் தடுக்கும். ஊதுவதற்கும் உறிஞ்சுவதற்கும் குழாய்களும் பம்புகளும் வேண்டும்.

அந்தப் படலத்தைத் தூண்டும் இன்னொரு வழியான பிளாஸ்மா இயக்கியில் அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. மின்காப்புத் தாள் ஒன்றின் மேலே ஒரு செப்புப் பட்டை, கீழே இன்னொன்று. இரண்டும் நேருக்கு நேர் இல்லாமல் சற்று விலகி ஒட்டப்படுகின்றன. மேலுள்ளது காற்றில் திறந்திருக்கும், கீழுள்ளது முழுவதும் மூடப்பட்டிருக்கும். சில ஆயிரம் வோல்ட் அளவிலான மாறுமின்னழுத்தத்தை நொடிக்குச் சில ஆயிரம் முறை மாறும்படி கொடுத்தால், மேல்பட்டையின் விளிம்பில் ஊதா நிற ஒளி படர்கிறது. அங்கே காற்றின் மூலக்கூறுகளில் மிகச் சிறு பங்கு மட்டும் அயனிகளாகிறது. இப்படி அயனிகள் கலந்த காற்றே பிளாஸ்மா. இடையிலுள்ள மின்காப்பின்மேல் மின்னூட்டம் சேர்ந்து மின்புலத்தைத் தளர்த்திவிடுவதால் மின்னிறக்கம் தீப்பொறியாக வெடிக்காமல் தானே அணைகிறது. அடுத்த அரைச்சுற்றில் மீண்டும் பற்றுகிறது. இந்தத் தத்துவம் பழையது. 1857இலேயே வெர்னர் சீமென்ஸ் இதைக்கொண்டு ஓசோன் தயாரித்தார். காற்றோட்டத்தை ஆள இது உதவும் என்று 1990களில் காட்டியவர்களில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ரீஸ் ராத் முக்கியமானவர்.

மின்புலம் அயனிகளைத் தள்ள, அவை சுற்றியுள்ள சாதாரண மூலக்கூறுகளை மோதித் தம்மோடு இழுத்துச் செல்கின்றன. பரப்பை ஒட்டியபடி, திறந்த பட்டையிலிருந்து மூடிய பட்டை இருக்கும் பக்கமாக ஒரு மெல்லிய காற்று வீசத் தொடங்குகிறது. அதன் வேகம் பொதுவாக நொடிக்குச் சில மீட்டர்தான். 10 மீட்டரை எட்டுவதே அரிது. அதைவிடப் பல மடங்கு வேகமாகப் பாயும் ஓட்டத்தை இந்தச் சிறு காற்று எப்படி வசப்படுத்தும்?

விடை இடத்திலும் தாளத்திலும் இருக்கிறது. இத்துறையின் உண்மையான அழகும் அங்கேதான். இயக்கியை முன்விளிம்பில், ஓட்டம் பிரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே வைக்க வேண்டும். அடுத்து, அதைத் தொடர்ந்து எரியவிடாமல் விட்டுவிட்டு இயக்க வேண்டும். பிரிந்துபோகும் காற்றடுக்கு இயல்பிலேயே நிலையற்றது. சரியான இடைவெளியில் சிறிது தட்டிவிட்டால் அது தானே பெரிய சுழல்களாக உருள்கிறது. அந்தச் சுழல்கள் மேலேயுள்ள வேகமான காற்றைக் கீழே வாரிக் கொண்டுவந்து படலத்துக்கு ஊட்டுகின்றன. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது ஓட்டத்தின் சொந்த ஆற்றலே. காற்றின் வேகத்தை இறக்கையின் அகலத்தால் வகுத்தால் பொருத்தமான தாளம் ஏறத்தாழக் கிடைக்கும்: அரை மீட்டர் அகல இறக்கைமேல் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் நொடிக்கு 40 தட்டுகள். இடையிடையே அணைந்திருப்பதால் மின்செலவும் வெகுவாகக் குறைகிறது. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டிகா போஸ்ட், தாமஸ் கார்க் இருவரும் 2004இல் வெளியிட்ட காற்றுச் சுரங்கச் சோதனையில், ஸ்டால் கோணத்துக்கு 8 பாகை அப்பால் வரையிலும் பிரிந்த ஓட்டம் மீண்டும் பரப்போடு ஒட்டியது.

வேகம் கூடக்கூட இந்த மென்காற்றின் பிடி தளர்கிறது. அதற்கு மாற்றாக, நொடியின் நூறு கோடியில் சில பங்கே நீடிக்கும் மின்துடிப்புகளைப் பயன்படுத்தும் முறை வந்தது. இதில் காற்று வீசுவதில்லை. பரப்பை ஒட்டிய காற்று திடீரெனச் சூடாகி மெல்லிய அதிர்ச்சி அலை கிளம்புகிறது, அந்த உலுக்கலே பிரிந்த அடுக்கைச் சுழல்களாக மாற்றுகிறது. இம்முறை இன்னும் வேகமான ஓட்டங்களிலும் பலன் தருகிறது.

ஆய்வகத்துக்கு வெளியே சிக்கல்கள் பல. மழையும் ஈரமும் மின்னிறக்கத்தைக் கெடுக்கின்றன. பிளாஸ்மாவும் அதில் பிறக்கும் ஓசோனும் பாலிமர் மின்காப்பைத் தின்றுவிடுகின்றன. உயர் மின்னழுத்தக் கருவி எடை சேர்க்கிறது, அதன் மின்காந்த இரைச்சல் மற்ற கருவிகளைத் தொந்தரவு செய்யக்கூடும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் மோட்டார் கிளைடர் ஒன்றின் இறக்கையில் இயக்கியைப் பொருத்திப் பறக்கும்போதே எல்லைப் படலத்தின் போக்கை மாற்றிக் காட்டியுள்ளனர். பயணிகள் விமானங்களில் இது இன்னும் இடம்பெறவில்லை. வேகம் குறைந்த ஆளில்லா விமானங்களும் காற்றாலை இறக்கைகளுமே இதற்கு முதலில் வாய்ப்புள்ள இடங்கள். அவற்றிலும் வெயில் மழை தாங்கி ஆண்டுக்கணக்கில் உழைக்கும் மின்காப்பு கிடைத்தாக வேண்டும். அரிப்பை எளிதில் தாங்கும் பீங்கான் வகைகள் அதற்காகச் சோதிக்கப்பட்டு வருகின்றன.