முதல் ஆல்பத்தின் உயரம்

1976 ஆகஸ்டில் அமெரிக்காவில் 'பாஸ்டன்' என்ற ராக் ஆல்பம் வெளிவந்தது. குழுவின் பெயரும் பாஸ்டன்தான். அதில் பெரும்பாலான கருவிகளை வாசித்தவர் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் இயந்திரவியல் படித்து முதுநிலைப் பட்டம் பெற்ற பொறியாளர். பகலில் போலராய்டு கம்பெனியில் வேலை. வேலை முடிந்ததும் வீட்டின் நிலவறைக்குள் இறங்கிவிடுவார். சம்பளப் பணத்தைப் போட்டுத் தானே அமைத்த ஒலிப்பதிவுக்கூடம் அங்கே இருந்தது. ஒரு கருவியை வாசித்துப் பதிவு செய்வார். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கருவியை இன்னொரு டிராக்கில் சேர்ப்பார். மனதுக்குப் பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குவார்.

ஆண்டுக்கணக்கில் இப்படியே போனது. அனுப்பிய மாதிரிப் பதிவுகளை இசை நிறுவனங்கள் மறுத்தன. கடைசியில் எபிக் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. ஆனால் பாட்டுகளை முறையான ஸ்டூடியோவில் மறுபடி பதிவு செய்யச் சொன்னது. ஷோல்ஸுக்கு அதில் மனமில்லை. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் மற்றவர்களை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கூட்டிப்போய் ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஷோல்ஸ் தன் நிலவறையிலேயே மற்ற பாட்டுகளை முடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1.7 கோடிப் பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்றது. 1978இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு 70 லட்சம். எட்டு ஆண்டுகள் கழித்து 1986இல் வந்த மூன்றாவதற்கு 40 லட்சம். முதல் உயரத்தை பாஸ்டன் குழு அதன்பின் எட்டவே இல்லை.

இப்படிப்பட்டவர்களின் பட்டியல் நீளமானது. அதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரே கேள்விதான் எழுகிறது: ஏன் சரிந்தார்கள்? பணம் வந்ததும் பசி போய்விட்டது, புகழ் தலைக்கேறிவிட்டது, சரக்கு தீர்ந்துவிட்டது என்று பதிலும் தயாராக இருக்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதல் ஆல்பம் எப்படி அவ்வளவு உயரம் போனது? அங்கிருந்து தொடங்கினால், 'சரிவு' என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி கணக்கிலேயே அடங்கிவிடுகிறது.

ஆயிரம் பேருக்கு ஆளுக்கு இரண்டு பகடைகள் கொடுப்போம். முதல் பகடை திறமை. ஒரே ஒரு முறை உருட்டி, விழுந்த எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பகடை அதிர்ஷ்டம்; ஒவ்வோர் ஆல்பத்துக்கும் புதிதாக உருட்ட வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகைதான் வெற்றி. முதல் சுற்றில் 12 வாங்குகிறவர்கள் 28 பேர் அளவில் இருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் திறமை 6, அதிர்ஷ்டமும் 6. அடுத்த சுற்றில் திறமை மாறாது. ஆனால் அதிர்ஷ்டப் பகடையின் சராசரி 3.5தான். எனவே இவர்களின் இரண்டாவது சராசரி 9.5. ஆறு பேரில் ஐவருக்கு 12க்குக் குறைவாகவே விழும். யாருடைய திறமையும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. யாரும் சோம்பேறி ஆகவில்லை. ஊர்ச் சராசரியான 7ஐவிட அவர்கள் இன்னும் நன்றாக மேலேதான் நிற்கிறார்கள். ஆனாலும் வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது வீழ்ச்சி.

இதைப் புள்ளியியலில் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். பிரிட்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன் 1886இல் 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் வைத்து உயரத்தை ஆராய்ந்தார். மிக நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் பொதுச் சராசரியைவிட உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. இதற்கான காரணத்தை முதலில் பரம்பரையில் தேடினார்கள். ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டாலும் அதே விடை வருகிறது: மிக நெட்டையான பிள்ளைகளின் பெற்றோரும் சராசரியாகப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளைவிட உயரம் குறைந்தவர்கள்தான். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் பரம்பரை ஓடாது அல்லவா? இரண்டு அளவுகளுக்கு இடையே தொடர்பு உண்டு, ஆனால் முழுத் தொடர்பு இல்லை என்ற நிலை எங்கே இருந்தாலும், ஒன்றில் உச்சத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றது சராசரியின் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இந்தத் திருப்பிப் போடுதலை இசைக்குக் கொண்டுவந்தால் ஓர் அழகான உண்மை தெரியும். எந்தக் கலைஞரை எடுத்தாலும், அவருடைய மிகப் பெரிய ஆல்பத்துக்கு முன்னால் வந்தவையும் பின்னால் வந்தவையும் அதைவிடச் சிறியவையாகத்தான் இருக்கும். உச்சம் நான்காவது ஆல்பத்தில் வந்தால், ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து அது வாழ்க்கை வரலாறு ஆகிறது. உச்சம் முதல் ஆல்பத்திலேயே வந்துவிட்டால், காட்டுவதற்கு ஏற்றம் இல்லை. இறக்கம் மட்டும் மிஞ்சுகிறது. வாழ்நாளில் ஐந்து ஆல்பங்கள் வெளியிடும் கலைஞர்களிடம் உச்சம் எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்துக்கொண்டால், ஐவரில் ஒருவருக்கு அது முதலிலேயே வந்தாக வேண்டும். விஞ்ஞானிகளைப் பற்றி பராபாசி என்ற ஆய்வாளரின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொன்னது: ஒருவரின் மிகச் சிறந்த கட்டுரை அவருடைய கட்டுரை வரிசையில் முதலாவதாகவோ கடைசியாகவோ இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய சமம்.

சரி, இசையில் அந்த அதிர்ஷ்டப் பகடை எவ்வளவு பெரியது? இதை நேராகவே சோதித்துப் பார்த்தவர்கள் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ். 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 14,000க்கும் மேற்பட்டோர் இணையம் வழியாகக் கலந்துகொண்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். பிடித்ததைக் கேட்கலாம், மதிப்பெண் போடலாம், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பிரிவினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். அங்கே ஒவ்வொரு பாட்டையும் தமக்கு முன் எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். எட்டு உலகங்களும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கின.

பாட்டுகள் அதேதான், ஆனால் எல்லா உலகங்களிலும் ஒரே பாட்டு வெல்லவில்லை. 52மெட்ரோ என்ற குழுவின் 'லாக்டவுன்' பாட்டு, எண்ணிக்கை தெரியாத பிரிவினரின் தரவரிசையில் 26ஆவது, அதாவது நட்டநடு. ஓர் உலகத்தில் அது முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் 40ஆவது இடத்தில் கிடந்தது. தொடக்கத்தில் சிலர் தற்செயலாக ஒரு பாட்டை இறக்கியிருப்பார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து அடுத்தவர்கள் வருவார்கள். கூட்டம் கூட்டத்தை இழுக்கும். மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பது அரிது, மிக மோசமான பாட்டு பெரிதாக வெல்வதும் அரிது. நடுவில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

நிஜ உலகில் இந்தப் பகடை உருளுவதைக் கோடிக்கணக்கானவர்கள் ஒருமுறை நேரடியாகப் பார்த்தார்கள். 1988 ஜூன் 11. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளி அரங்கில் இசைவிழா. 24 வயது டிரேசி சாப்மனின் முதல் ஆல்பம் அப்போதுதான் ஏப்ரலில் வந்திருந்தது. பகலில் தன் பங்கைப் பாடி முடித்துவிட்டார். மாலையில் மேடையேற வேண்டிய ஸ்டீவி வொண்டரின் சிந்தசைசருக்கான ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. அது இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது. இடைவெளியை நிரப்ப சாப்மனை மறுபடி அழைத்தார்கள். ஒரு கிட்டாரும் ஒரு மைக்கும் மட்டும் போதும் என்பதால் அவரால் உடனே ஏற முடிந்தது. 'ஃபாஸ்ட் கார்' பாடினார். சில மாதங்களுக்குள் அந்த ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது.

அந்தப் பாட்டு அருமையான பாட்டு. திறமைப் பகடையில் சாப்மனுக்கு விழுந்தது 6தான். ஆனால் அடுத்த ஆண்டு 'கிராஸ்ரோட்ஸ்' ஆல்பம் வந்தபோது எந்த ஹார்ட் டிஸ்க்கும் தொலையவில்லை. முதல் ஆல்பத்துக்கு அமெரிக்காவில் 60 லட்சம் பிரதிகளின் சான்றிதழ். இரண்டாவதற்கு 10 லட்சம். 'சரிந்தவர்' பட்டியலில் அவரைச் சேர்த்தவர்கள் 1995 வரை காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு வந்த நான்காவது ஆல்பம் 'நியூ பிகினிங்' 50 லட்சத்தைத் தொட்டது.

அதிர்ஷ்டம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. முதல் ஆல்பத்துக்கு ஒருவர் தன் இளமை முழுவதையும் கொடுத்திருப்பார். இரண்டாவதற்கு ஒப்பந்தம் தருவது ஓரிரண்டு ஆண்டுகள், அதிலும் பாதி கச்சேரிப் பயணத்தில் போய்விடும். பாஸ்டனின் இரண்டாவது ஆல்பத்தை அவசரப்படுத்திவிட்டார்கள் என்ற வருத்தம் ஷோல்ஸுக்கு இருந்தது. மூன்றாவதை அவர் தன் விருப்பம் போல் மெதுவாகச் செய்தார். தாமதத்துக்காக நிறுவனம் வழக்கே போட்டது. வழக்கில் ஷோல்ஸ்தான் வென்றார். ஆனால் அத்தனை நேரம் கிடைத்தும் முதல் ஆல்பத்தின் விற்பனை திரும்பவில்லை. நேரமும் ஒரு காரணம்தான். முழுக் காரணம் ஆகாது.

அளவுகோலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாஸ்டனின் முதல் ஆல்பம் அமெரிக்கப் பில்போர்டு வரிசையில் மூன்றாம் இடத்துக்கு மேல் போனதே இல்லை. 'சரிந்த' இரண்டாவதும் மூன்றாவதும் முதலிடம் பிடித்தன! வார வரிசை வேகத்தை அளக்கிறது. காத்திருக்கும் ரசிகர் கூட்டம் புது ஆல்பத்தை வந்தவுடன் வாங்கிவிடும். பெயர் தெரியாதவரின் முதல் ஆல்பமோ வாய்வழியாக மெல்லப் பரவும். சிதார் மேதை ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பம் 2002 பிப்ரவரியில் வந்தது. முதலிடத்தைத் தொட 2003 ஜனவரி ஆயிற்று. 2004இல் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பம் முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 10 லட்சம் விற்றது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து ஒரு குழுவைக் கேட்கத் தொடங்கும் புதியவர் அதன் புகழ்பெற்ற ஆல்பத்தைத்தான் முதலில் வாங்குகிறார். பாஸ்டனின் 1.7 கோடி என்பது 2003 வரையிலான 27 ஆண்டுக் கூட்டுத்தொகை. முன்னே இருப்பது மேலும் முன்னே போகும்; கால்டனின் கணக்கும் கூட்டத்தின் கணக்கும் சேர்ந்து இடைவெளியை அகலமாக்கிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் கலைஞரின் கையில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் பெர்க் சுமார் 69,000 கலைஞர்களின் ஏறக்குறைய 30 லட்சம் பாட்டுகளை ஆராய்ந்து 2022இல் எழுதினார். முதல் வெற்றி வரும் நேரத்தில் ஒருவர் கைவசம் வைத்திருக்கும் பாட்டுகள் எவ்வளவு புதுமையாகவும் பலவகையாகவும் இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அவருடைய வெற்றி நீடிக்கிறது. விந்தை என்னவென்றால், புதுமை மிகுந்தவர்களுக்கு முதல் வெற்றி கிடைப்பதே கடினம்.

இதனால்தான் முதல் ஆல்பத்தை வைத்து யாரையும் எடைபோடுவது இரு பக்கமும் தவறாகிறது. பாப் டிலனின் முதல் ஆல்பம் 1962இல் வந்தபோது முதல் ஆண்டில் 5,000 பிரதிகள் அளவுக்கே விற்றது. அவரைச் சேர்த்துக்கொண்ட ஜான் ஹாமண்டை கொலம்பியா நிறுவனத்துக்குள்ளேயே கேலி செய்தார்கள். ஹாமண்ட் டிலனைக் கைவிடவில்லை. ஒரு சுற்றில் விழுந்த எண்ணை வைத்துத் திறமையை அளக்க முடியாது என்பதால், அடுத்த சுற்றுக்கு இடம் கொடுப்பதுதான் அறிவு. தாழ்வாகத் தொடங்கியவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்ததை இன்று பாராட்டுகிறோம். உயரத்தில் தொடங்கியவருக்கும் அதே பொறுமை சேர வேண்டும். அவருடைய இரண்டாவது ஆல்பத்தை முதல் ஆல்பத்தின் பக்கத்தில் வைக்காமல், அந்த ஆண்டு வந்த மற்ற ஆல்பங்களின் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அது நல்ல ஆல்பமாகவே இருக்கும்.