இலை போட்ட பிறகே கதவு திறக்கும்: சீன அதிவேக ரயில் எப்படி இயங்குகிறது?

பெய்ஜிங் தெற்கு நிலையத்திலிருந்து ஷாங்காய் ஹோங்சியாவ் நிலையத்துக்கு 1,318 கிலோமீட்டர். விரைவான வண்டிகள் நாலரை மணி நேரத்துக்குள் போய்விடுகின்றன. உச்ச வேகம் மணிக்கு 350 கிலோமீட்டர். ஆனால் வேகம் இதில் பாதிக் கதைதான். வழியில் ஒவ்வொரு ஊரிலும் பத்து நிமிடம் நின்றால், ஓடிச் சேர்த்த நேரமெல்லாம் நின்றே கரைந்துவிடும். அதனால் காத்திருக்க வேண்டிய வேலை முழுவதையும் பயணிகளின் தலையில் கட்டிவிட்டார்கள். வண்டி யாருக்காகவும் காத்து நிற்காது.

கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு முடியும்வரை சாப்பாட்டுக் கூடத்தின் கதவு சாத்தியிருக்கும். வெளியே கூட்டம் நிற்கும். கதவு திறந்ததும் மளமளவென்று உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், எழுந்திருப்பார்கள். அடுத்த பந்தி தொடங்கும். சீன ரயிலும் இப்படித்தான். ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு இலைக்கும் முன்கூட்டியே ஒரு பெயர் எழுதியிருக்கிறது. துண்டு போட்டு இடம் பிடிக்க வழியில்லை.

முதலில் அந்தப் பெயரை எழுத வேண்டும். 12306 என்பது சீன ரயில்வேயின் சொந்த இணையதளம். அதே பெயரில் ஆப்பும் உண்டு. ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதில் கணக்குத் தொடங்கி, பாஸ்போர்ட் விவரங்களைக் கொடுத்தால் சரிபார்ப்பார்கள். இது சில சமயம் இழுத்தடிக்கும் என்பதால் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே முடித்துவிடுங்கள். தமிழர்களுக்கு இங்கே ஒரு சின்னச் சிக்கல்: நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும். அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். நாமாக எதையும் மாற்றிப் போடாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவதுதான் பாதுகாப்பு. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

டிக்கெட் விற்பனை சுமார் பதினைந்து நாட்களுக்கு முன் திறக்கும். அக்டோபர் முதல் வார விடுமுறையிலும் வசந்த விழா நாட்களிலும் நாடே ஊருக்குக் கிளம்பும். அப்போது திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். பணம் கட்ட அலிபே, வீசாட் இரண்டிலும் நம் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் தலைவலி என்பவர்களுக்கு ட்ரிப்.காம் போன்ற தளங்கள் உண்டு. கொஞ்சம் கட்டணம் கூடும், நிம்மதியும் கூடும்.

பிறகு வண்டியைத் தேர்ந்தெடுப்பது. எண்ணுக்கு முன்னால் ஜி என்று இருந்தால் அதிவேக வண்டி. டி என்றால் ஒரு படி மெதுவானது, சி என்றால் பக்கத்து ஊர்களுக்கு இடையே ஓடுவது. இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கைகள்: ஏ, பி, சி, அப்புறம் டி, எஃப். இ எங்கே போனது? விமானத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு இருக்கை போடும்போது ஏ, எஃப் இரண்டும் ஜன்னல். சி, டி இரண்டும் நடைபாதை ஓரம். அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்து நடு இருக்கையை மட்டும் நீக்கிவிட்டார்கள். ஆகவே ஏ அல்லது எஃப் கிடைத்தால் வேடிக்கை பார்க்கலாம்.

கையில் டிக்கெட் என்று எதுவும் வராது. 2020 முதல் நாடு முழுவதும் மின்டிக்கெட்தான். பாஸ்போர்ட்டே டிக்கெட். அதைப் பெட்டியின் அடியில் புதைத்து வைக்காதீர்கள்; குறைந்தது மூன்று முறை எடுக்க வேண்டிவரும்.

முதல் முறை, நிலைய வாசலில். அங்கே பெயர் பார்த்து, பையை எக்ஸ்ரேயில் விட்டு, உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். சமையல் கத்தி கூடாது. வாசனை ஸ்ப்ரே டப்பா பெரிதாக இருந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். வழியனுப்ப வந்தவர் பொதுவாக இதோடு சரி, பிளாட்பாரம்வரை வந்து கையாட்டும் வழக்கம் அங்கே இல்லை.

அடுத்தது காத்திருப்புக் கூடம். ஹோங்சியாவ் கூடத்தைப் பார்த்தால் விமான நிலையம் என்றே நினைப்பீர்கள். பிளாட்பாரங்கள் கீழே இருக்கும், கூடம் மேலே. பெரிய பலகையில் உங்கள் வண்டி எண்ணுக்கு எதிரே கேட் எண் வரும். அந்தக் கேட்டின் முன்னால் போய் உட்காருங்கள். இதுதான் சாத்திய கதவு. புறப்பட ஏறத்தாழ பதினைந்து நிமிடம் இருக்கும்போது திறப்பார்கள். பல நிலையங்களில் ஐந்து நிமிடம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். வண்டி கண்ணுக்குத் தெரிந்தாலும் கதவு மூடினால் மூடியதுதான். எனவே பெரிய நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போவது புத்திசாலித்தனம். உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தட்டிவிட்டுத் தானியங்கிக் கதவில் போவார்கள். சில கதவுகள் பாஸ்போர்ட்டையும் படிக்கும். படிக்காவிட்டால் ஓரத்தில் ஓர் ஊழியர் நிற்பார், அவரிடம் நீட்டுங்கள்.

கீழே இறங்கினால், பிளாட்பாரத் தரையில் பெட்டி எண் எழுதியிருக்கும். உங்கள் பெட்டியின் கதவு சரியாக அங்கேதான் வந்து நிற்கும். வரிசை தெரிந்து, இலை தெரிந்து உட்காருவதால்தான் இடைநிலையங்களில் இரண்டு, மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிகிறது.

இனி வண்டியின் உள்வேலை. சாதாரண ரயிலில் முன்னால் ஓர் எஞ்சின் எல்லாவற்றையும் இழுக்கும். பந்தி முழுவதற்கும் ஒரே ஆள் சாம்பார் வாளி தூக்குவதுபோல. அதிவேக வண்டியில் நாலு இலைக்கு ஓர் ஆள் நிற்கிறார்: ஃபூசிங் வகை எட்டுப் பெட்டி வண்டியில் நான்கு பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து தள்ளுவதால் சட்டென்று வேகம் பிடிக்கிறது. மேலே கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். வேகம் குறைக்கும்போது அதே மோட்டார்கள் மின்சாரம் உண்டாக்கிக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கின்றன.

அப்புறம், மோதாமல் இருப்பது எப்படி? 350 கிலோமீட்டர் வேகத்தில் அவசர பிரேக் போட்டாலும் நிற்க சுமார் ஆறு கிலோமீட்டர் வேண்டும். சிக்னல் விளக்கைக் கண்ணால் பார்த்து ஓட்டுவது நடக்காத காரியம். அதனால் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் போகலாம் என்பது ரேடியோ வழியாக ஓட்டுநரின் திரைக்கு வந்துகொண்டே இருக்கும். முந்தின பந்தியின் இலை எடுக்காமல் அடுத்த பந்தியை அழைக்க மாட்டார்கள் இல்லையா, அதேதான். ஓட்டுநர் மீறினால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும். தண்டவாளத்தின் குறுக்கே சாலை கிடையாது. பெரும்பகுதி தூண்கள் மேல்தான் ஓடுகிறது. நாஞ்சிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே வயல்களையும் கால்வாய்களையும் தாண்டிச் செல்லும் ஒரு பாலத்தின் நீளம் மட்டும் சுமார் 164 கிலோமீட்டர்! இரவில் பாதையை மூடிப் பராமரிப்பார்கள். காலையில் பயணிகள் இல்லாத ஒரு வண்டியை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சேவையைத் தொடங்குவார்கள்.

உட்கார்ந்த பிறகு உங்களுக்கு வேலை குறைவு. கொதிக்கும் வெந்நீர்க் குழாய் இருக்கும், இலவசம். அதனால்தான் பாதிப் பேர் கப் நூடுல்ஸோடு வருகிறார்கள். பலவற்றில் மாட்டிறைச்சிச் சுவை, சைவக்காரர்கள் அட்டையைப் பார்த்து வாங்குங்கள். சிகரெட் கழிவறையில்கூடக் கூடாது. புகையை உணரும் கருவி வண்டியையே மெதுவாக்கிவிடும், அபராதமும் உண்டு.

இறங்கும் ஊர் நெருங்கும்போதே பையை எடுத்துக்கொண்டு வாசலருகே போய்விடுங்கள். வெளியே வரும் கேட்டிலும் பாஸ்போர்ட் கேட்பார்கள். ஹோங்சியாவில் அதைத் தாண்டினால் மெட்ரோவின் 2, 10, 17 ஆகிய தடங்கள் கிடைக்கும். நகரின் நடுப்பகுதிக்கு 2 அல்லது 10 பிடிக்க வேண்டும்.