விலகுவோரின் ஊதிய உரிமை

2009ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின் கிளிநொச்சி முதலாய வன்னி நகர்களில் வணிக நிலையங்களும் காரியாலயங்களும் பெருகின. அவற்றிற் பணிபுரிவோர் விலகற் கடிதம் கொடுத்தவுடன் ஊதிய உரிமை அற்றுவிடும் எனச் சிலர் கருதுவர், அது பொருந்தாது. முன்னறிவித்தற் காலம் முடியும்வரை ஒப்பந்தம் நிலைத்திருக்கும்; ஊழியர் உழைக்கவும் முதலாளி ஊதியம் அளிக்கவும் கடமைப்பட்டோராவர்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உரிய காலத்தில் ஊதியம் கொடுக்குமாறு விதிக்கின்றது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமோ, 15 பேரேனும் பணியாற்றும் நிறுவனத்தில் 5 ஆண்டு நிறைவுசெய்தோர் தாமே விலகினும் பணிக்கொடைக்கு உரியர் என்கின்றது.

ஆதலின் விலகுவோர் கடிதப் படியையும் வரவுப் பதிவையும் பேணல் வேண்டும். ஊதியம் மறுக்கப்படின் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். உழைத்த நாளின் கூலி முதலாளியின் ஈகையன்று. அவர் இறுக்கவேண்டிய கடனேயாகும்.