உதவிக் கரத்தில் ஒளிந்திருந்த நஞ்சு

ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் அள்ளுவோர் பலர். அதனை இறைத்துத் துப்புரவு செய்வோர் ஓரிருவரே. இன்றைய கணனி உலகமும் இத்தகைய பொதுக்கிணறுகளை நம்பியே இயங்குகின்றது என்பதை எம்மவரிற் பலர் அறியார். வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் இயங்கும் மென்பொருள்களின் உள்ளே, யாரோ சிலர் தமது ஓய்வு நேரத்தில் எழுதி, எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம் என உலகுக்கு விட்ட நிரல்கள் எண்ணற்றவை உள்ளன. இவையே திறந்த மூல மென்பொருள்கள். ஆயத்தமாக எடுத்துப் பொருத்தத்தக்க இவற்றின் துண்டுகளைப் பொதிகள் என்பர்.

ஒஷாவாவின் வடபகுதியில் ஒன்ராறியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் கல்லூரியும் ஒரே வளாகத்தைப் பகிர்ந்துள்ளன. இத்தகைய இடங்களில் கணனித்துறை பயிலும் எமது பிள்ளைகள், ஒரு சிறு பயிற்சியைச் செய்வதற்கும் இப்பொதிகளைத் தரவிறக்குகின்றனர். ஒரு பொதி இன்னொன்றையும், அது வேறொன்றையும் துணைக்கு அழைக்க, ஒரு வரிக் கட்டளையினால் முன்பின் அறியாத பலரின் நிரல்கள் வீட்டுக் கணனிக்குள் வந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றில் நஞ்சு கலந்திருந்தால் என்னாகும்? இவ்வினா வெறுங் கற்பனையன்று என்பதை 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகம் கண்டுகொண்டது.

பொறுமை மிக்க வஞ்சகம்

கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்-இஸட் யூட்டில்ஸ்' என்னும் பொதி லினக்ஸ் இயங்குதளங்களிற் பரவலாகப் பயன்படுவது. பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் என்பவர் நெடுங்காலமாக ஊதியமின்றி அதனைப் பேணிவந்தார். 2021 இன் பிற்பகுதியில், ஜியா ரான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். அவை பயனுள்ளவையாகவே இருந்தன. 2022 இல் முன்பின் அறியப்படாத வேறு சில பெயர்கள் தோன்றி, வேலை தாமதமாகின்றது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று கொலினை நெருக்கின. தாம் நீண்டகாலமாக மனநலச் சிக்கல்களோடு போராடுவதாகவும், இஃது ஊதியமற்ற பொழுதுபோக்கு முயற்சி என்பதை மறவாதிருக்குமாறும் அவர் வெளிப்படையாகவே பதிலெழுதினார். களைத்தவருக்குக் கைகொடுக்க ஆயத்தமாக நின்றவர் ஜியா ரான். 2023 அளவில், புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையும் அப்பெயருக்குக் கிடைத்தது.

இரண்டாண்டுகளுக்கும் மேலாக நல்லவர் வேடம் தாங்கியதன் நோக்கம், 2024 பெப்ரவரியில் வெளிவந்த 5.6.0 ஆம் பதிப்பில் நிறைவேறியது. பரிசோதனைக் கோப்புகள் போலத் தோன்றியவற்றினுள் நச்சு நிரல் மறைக்கப்பட்டிருந்தது. குறித்த இரகசியத் திறவுகோலை வைத்திருப்பவர், தொலைவிலிருந்தே அக்கணனிகளுக்குள் நுழைந்து கட்டளையிட அது வழி செய்தது. மூல நிரலை எவரும் வாசிக்கலாம் என்பதே திறந்த மூலத்தின் பெருமை. ஆயினும், அந்நஞ்சைத் தட்டியெழுப்பும் வரிகள் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் வைக்கப்படாது, வெளியீட்டுக்கெனக் கட்டப்பட்ட பொதியில் மாத்திரம் சேர்க்கப்பட்டிருந்தன.

இதனைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசொவ்ற் நிறுவனப் பொறியியலாளரான அன்ட்றெஸ் ஃபுரொயின்ட். தொலைவிலிருந்து கணனிக்குள் நுழைவதற்கு வழமையைவிட ஏறத்தாழ அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கவனித்த அவர், ஏன் என்று துருவினார். மார்ச் 29 ஆம் திகதி உண்மையை உலகுக்கு அறிவித்தார். அவ்வேளையில் அப்பதிப்பு பெரும்பாலும் லினக்ஸின் பரீட்சார்த்த வெளியீடுகளையே எட்டியிருந்தமையால் பேராபத்து விலகியது. ஓர் அரைச் செக்கனை அலட்சியம் செய்யாத ஒருவரின் விழிப்பு உலகைக் காத்தது எனின் மிகையாகாது.

எமது வாசலிலும்

பொதுக்கிணற்றைப் பேணாமையின் விளைவு கனடாவையும் முன்னரே தொட்டதுண்டு. 2014 ஏப்ரலில் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்' என்னும் திறந்த மூல மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட வழு வெளிப்பட்டது. அது கவனப்பிசகினால் நேர்ந்தது. எவரும் வேண்டுமென்று செய்ததன்று. எனினும், வருமானவரிப் படிவங்கள் நிரப்பும் அக்காலத்தில் கனடிய வருமானவரித் திணைக்களம் தன் இணையச் சேவைகளைச் சில நாட்கள் மூட நேர்ந்தது. சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் களவாடப்பட்டன. உலகமே நம்பியிருந்த அம்மென்பொருளைப் பேணியோருக்கு அதுவரை ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர் மாத்திரமே.

2025 செப்ரெம்பரிலோ, போலி மின்னஞ்சல் ஒன்றினால் ஏமாற்றப்பட்ட ஒரு தொண்டரின் கணக்கினூடாக, வாரந்தோறும் 200 கோடிக்கும் மேற்பட்ட தடவைகள் தரவிறக்கப்படும் பொதிகளில் எண்ணிமப் பணத்தைத் திருடும் நிரல் புகுத்தப்பட்டது. சில மணி நேரத்தினுள் அது கண்டறியப்பட்டு அகற்றப்பட்டது.

எமது இளைஞர்கள் சிறப்பாக அறியவேண்டிய மோசடி வேறொன்றுண்டு. வடகொரியாவோடு தொடர்புடையோர் எனக் கருதப்படுவோர், தொழில் வழங்குநர் போல நடித்து, நேர்முகத் தேர்வின் ஒரு பகுதி எனக் கூறி ஒரு நிரலைத் தரவிறக்கி இயக்கச் சொல்வதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023 இல் அம்பலப்படுத்தினர். இயக்கியதும் கடவுச்சொற்கள் பறிபோகின்றன. புதிதாக இந்நாட்டுக்கு வந்து, விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பம் அனுப்பிக் காத்திருக்கும் ஓர் இளைஞன் அத்தகைய அழைப்பை இலகுவில் மறுப்பானா? அவனது தேவையே அவனைப் பிடிக்கும் தூண்டிலாகிறது.

செய்யக்கூடியவை

பொதியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும்; புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிகளை உலவவிடுவது பழைய தந்திரம். பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதியாது ஏற்கவேண்டும். ஏனைய புதிய பதிப்புகளுக்குச் சில நாட்கள் பொறுத்திருக்கலாம். அறியாதவர் தந்த நிரலை, பெற்றோர் வங்கிக் கணக்குப் பார்க்கும் கணனியில் இயக்கலாகாது. உடனே செய் என்று அவசரப்படுத்தும் கடிதத்தை இருமுறை வாசிப்பது நன்று.

இவற்றால் அஞ்சித் திறந்த மூலத்தையே ஒதுக்குதல் பேதைமை. நாம் தமிழில் தட்டெழுதப் பயன்படுத்தும் எழுத்துருக்கள் பலவும் தொண்டர்கள் இலவசமாக வழங்கியவையே. ஜேர்மனி 2022 இல் இத்தகைய மென்பொருள்களைப் பேணுவோருக்கென அரச நிதியம் ஒன்றை அமைத்தது. இவற்றால் இலாபம் ஈட்டும் நிறுவனங்களும் அவ்வாறு கொடுக்கக் கடமைப்பட்டவை. தனித்து நின்று களைத்தவரே வஞ்சகனுக்கு வாசலானார் என்பதை மறத்தலாகாது. எமது சங்கங்களிலும் பாடசாலைகளிலும் ஆண்டாண்டாக ஒருவரே சுமக்கும் பொறுப்புகள் எத்தனை! அவருக்கு உரிய காலத்தில் தோள்கொடுப்பது, பின்னர் பூட்டுகளை மாற்றுவதிலும் மேலான காவல் என்பது எமது தாழ்மையான கருத்து.