கன்று வீசிய மாட்டுக்கு ஒரே ஒரு பரிசோதனை போதுமா?

சினை ஏழு, எட்டு மாதம் ஆன மாடு திடீரென்று கன்று வீசினால், வழுக்கி விழுந்தது, பக்கத்து மாடு முட்டியது என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். நஞ்சுக்கொடியும் விழாமல் தங்கினால், புருசெல்லோசிஸ் எனப்படும் கருச்சிதைவு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என மாதக்கணக்கில் படுத்தும்.

இந்நோய் தாக்கிய மாட்டின் இரத்தத்தில் கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உருவாகும். பரிசோதனையில் தேடுவது அதைத்தான். ரோஸ் பெங்கால் சோதனையில், சாயம் ஏற்றிய செத்த கிருமிக் கரைசலையும் இரத்தத் தெளிநீரையும் சொட்டுச் சொட்டாகக் கலப்பார்கள். 4 நிமிடத்துக்குள் திரிதிரியாகக் கட்டினால் நோய்க்கான அறிகுறி. செலவு குறைவு, முடிவும் உடனே தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி கட்ட, எதிர்ப்புப் பொருள் போதிய அளவு இருக்க வேண்டும்.

எலிசா சோதனையில் கிருமியின் பகுதிகள் தட்டின் சிறு குழிகளில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். தெளிநீரில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அதில் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் நொதி சேர்த்த இன்னொரு பொருளை ஊற்றுவார்கள். ஒரு நொதி மூலக்கூறு ஆயிரக்கணக்கான நிற மூலக்கூறுகளை உண்டாக்கும் என்பதால், சிறிதளவு எதிர்ப்புப் பொருளும் நிறமாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் தட்டை நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டாத மிச்சம் தங்கினால் நோயில்லாத மாட்டுக்கும் நிறம் வரும். பல மாடுகளின் பால் கலந்த கேனிலும் எலிசா செய்யலாம். கேனில் நோய் தெரிந்தால், பிறகு ஒவ்வொரு மாடாகப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நல்ல சோதனையானாலும் இரத்தத்தில் இல்லாததைக் காட்டாது. தொற்றின் தொடக்கத்திலும், கன்று வீசிய உடனேயும் எதிர்ப்புப் பொருள் குறைவாக இருக்கலாம். 'இல்லை' என்று முடிவு வந்தாலும் இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், பாலை நன்கு காய்ச்சாமல் குடிக்காதீர்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நாய் இழுத்துப்போனால் ஊரெல்லாம் பரவும்.

இரத்தக் குழாயைக் குலுக்காமல், ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். இரத்தச் செல் உடைந்து தெளிநீர் சிவந்தால் முடிவு குழம்பும்.

கிடேரி கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் ஒரே முறை போடும் தடுப்பூசி உண்டு. காளைக் கன்றுக்குப் போடக் கூடாது. தடுப்பூசியாலும் சோதனையில் 'நோய் உண்டு' என்று வரலாம். எனவே எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.