மூட்டிய அடுப்பும் முதல் மூன்று நிமிடமும்

சென்னையிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: “என் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளி ஃபுட்பால் டீமில் ஆடுகிறான். மேட்ச்சுக்கு முன்னால் அரை மணி நேரம் கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுகிறார்கள். அப்படி ஓடினால்தான் கடைசிவரை தம் நிற்கும் என்கிறார் கோச். விசில் ஊதுவதற்குள் பையன் வாடிவிடுகிறான். வார்ம்-அப் செய்தால் நிஜமாகவே தம் கூடுமா?”

கூடும், ஆனால் கொஞ்சம்தான். கோச் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உடலுக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் சுவாரசியம். கைபேசியில் உருளும் ‘பத்தே நிமிடத்தில் ஸ்டாமினா இரட்டிப்பு’ வீடியோக்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுவோம். வார்ம்-அப் தசையைச் சூடாக்குகிறது; தசையின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் திறன் 2 முதல் 5 சதவீதம் வரை கூடலாம். உண்மைதான். ஆனால் இது பாய்ச்சலுக்கும் துள்ளலுக்குமான கணக்கு. பந்தைத் துரத்தி 20 மீட்டர் பறப்பதற்கு உதவும். எழுபதாவது நிமிடத்தில் கால் இழுக்காமல் ஓடுவது வேறு விஷயம். அது ஆக்சிஜன் விவகாரம்.

விசில் ஊதியதும் ஒரு பையன் பந்தை நோக்கிப் பாய்கிறான். அந்த நொடியிலேயே அவனது தொடைத் தசைக்கு வேண்டிய ஆற்றல் பல மடங்காகிவிடுகிறது, ஸ்விட்ச் போட்டதும் பல்ப் எரிவதுபோல் உடனே. ஆனால் ஆக்சிஜன் பயன்பாடு அப்படித் தாவுவதில்லை. வளைந்து வளைந்துதான் ஏறுகிறது. நல்ல உடற்பயிற்சியுள்ள பெரியவருக்குக்கூட, தேவையான உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்ட 20 முதல் 30 நொடி பிடிக்கும். முழுதாக நிலைப்பட இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். நுரையீரலில் காற்று இருக்கிறது, ரத்தத்திலும் ஆக்சிஜன் இருக்கிறது. இருந்தும் தசை அதை எடுத்து எரிக்கத் தாமதிக்கிறது. அதுவரை செலவை ஏற்பது யார்?

விறகடுப்பு மூட்டியவர்களுக்குப் பதில் தெரியும். யாரும் நேரடியாகப் புளியங்கட்டையில் தீக்குச்சியைக் காட்டுவதில்லை. முதலில் பன்னாடையும் காய்ந்த ஓலையும் போகும். குப்பென்று பிடிக்கும், பத்து நொடியில் தீர்ந்தும் போகும். தசையில் அந்த ஓலையின் பெயர் பாஸ்போகிரியேட்டின். அடுத்தது சுள்ளி: ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை அவசரமாக உடைக்கும் வழி. சீக்கிரம் பற்றும், ஆனால் புகையும். லாக்டேட்டும் அதோடு சேர்ந்து வரும் அமிலத்தன்மையும் அந்தப் புகை. இவை இரண்டும் தாங்கிப் பிடித்திருக்கும்போதே கட்டை மெதுவாகப் பற்ற வேண்டும். கட்டை என்றால் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு எரியும் நிதானமான தீ. அது பற்றிக்கொண்டால் சோறு வேகும்வரை கவலையில்லை. பற்றத் தாமதமானால் ஓலையும் சுள்ளியும் காலி, வீடெல்லாம் புகை.

கட்டை ஏன் தாமதமாகப் பற்றுகிறது என்பதில் உடலியலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல ஆண்டுகளாகச் சண்டையிடுகிறார்கள். காற்று போதவில்லை, அதாவது ரத்தம் தசைக்கு வந்து சேர நேரமாகிறது என்பது ஒரு கட்சி. காற்று தாராளமாக வருகிறது, விறகுதான் ஈரம் என்பது மற்றொன்று. தசை செல்லுக்குள் இருக்கும் நொதிகள், குறிப்பாகப் பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவின் எரிப்புப் பாதையில் ஏற்றிவிடும் நொதி, விழித்துக்கொள்ளச் சில நொடிகள் எடுக்கின்றன என்கிறார்கள் இவர்கள். ஆரோக்கியமான உடலில், நிமிர்ந்து நின்று ஓடும் ஆட்டத்தில், இரண்டாவது கட்சியின் கை ஓங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. எப்படியானாலும், முன்கூட்டி ஒருமுறை கடுமையாக உழைத்தால் இரண்டு குறையும் ஓரளவு தீர்கிறது. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வெப்பமும் லேசான அமிலத்தன்மையும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தி ஆக்சிஜனை விடவைக்கின்றன, நொதிகளும் விழித்துவிடுகின்றன.

1996இல் ஜெர்பினோ, வார்ட், விப் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். முதல் சுற்று லேசான உழைப்பாக இருந்தால், அடுத்து வரும் கடுமையான சுற்றில் ஆக்சிஜன் பயன்பாடு விரைவாக ஏறவில்லை. முதல் சுற்றும் கடுமையாக இருந்தபோதுதான் ஏற்றம் விரைவானது. பின்னால் வந்தவர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆரம்ப ஏற்றத்தின் வேகம் பெரும்பாலும் மாறவில்லை. மாறியது, கடும் உழைப்பில் பின்னால் மெல்லக் கூடிக்கொண்டே போகும் உபரிச் செலவு. ஒரே வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு நிமிடம் அதிக ஆக்சிஜன் கேட்கும் அந்த ஊதாரித்தனம் குறைந்துவிடுகிறது. நன்றாகப் பிடித்த கட்டைக்கு விறகு மிச்சம்.

இங்கேதான் நம் கோச்சுக்கான செய்தி. கடுமையாக உழைத்த உடனே ஆட்டத்தில் இறங்கலாமா? இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 2009இல் இதைத்தான் பார்த்தார்கள். கடுமையான முன்-உழைப்புக்குப் பின் 3 நிமிட ஓய்வு கொடுத்தபோது, சைக்கிள் மிதித்தவர்கள் வழக்கத்தைவிட ஏறக்குறைய 16 சதவீதம் முன்னதாகவே சோர்ந்தார்கள். 9 நிமிட ஓய்வுக்குப் பின் 15 சதவீதம் கூடுதலாகத் தாங்கினார்கள், 20 நிமிட ஓய்வுக்குப் பின் 30 சதவீதம். அடுப்பை மூட்டுவதற்கே ஓலையையெல்லாம் எரித்துவிட்டு அந்தச் சூட்டோடு உலை வைத்தால் தட்டுப்பாடுதான். கொஞ்சம் பொறுத்தால் ஓலை மறுபடி சேர்ந்துவிடும். தணல் மட்டும் அப்படியே நிற்கும். உவமை இந்த இடத்தில் உடைகிறது. எந்த வீட்டிலும் கட்டை எரிந்து ஓலையை உண்டாக்காது. தசையில் அதுதான் நடக்கிறது: ஆக்சிஜனோடு எரியும் தீ, செலவான பாஸ்போகிரியேட்டினை மறுபடி கட்டி வைக்கிறது. இப்படி ஓர் அடுப்பு கிடைத்தால் நானே வாங்கிவிடுவேன்.

30 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து யாரும் துள்ள வேண்டாம். ‘எவ்வளவு நேரம் தாங்குகிறாய் பார்ப்போம்’ என்ற வகைச் சோதனை, சிறு மாற்றத்தையும் பூதக்கண்ணாடியில் காட்டும். அதே ஆளை ஒரு பந்தயத்தில் ஓடவிட்டால் வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதத்தில் அடங்கலாம். தவிர, அவர்கள் பெரியவர்கள், நிற்காமல் மிதித்தார்கள். கால்பந்தில் பாய்ந்து, நடந்து, நின்று, மறுபடி பாய்கிறார்கள். முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு ஆட்டமே அடுப்பை அணையவிடாது. ஆகவே வார்ம்-அப் கொடுக்கும் தம், ஆட்டத்தின் தொடக்கத்தில்தான் கைகொடுக்கும். எழுபதாவது நிமிடத்துத் தம் மாதக்கணக்கான பயிற்சியில் வருவது. அன்று மாலை நாலு மணிக்கு அதைச் சம்பாதிக்க முடியாது.

எட்டாம் வகுப்புப் பையனுக்கு வருவோம். எக்ஸிடரிலேயே நீல் ஆம்ஸ்ட்ராங் என்ற உடலியலாளரும் (நிலவுக்குப் போனவர் அல்ல) அவரது குழுவினரும் குழந்தைகளின் ஆக்சிஜன் ஏற்றத்தை நீண்ட காலம் அளந்தார்கள். மிதமான உழைப்பில் அந்த மூன்றில் இரண்டு பங்கு உயரத்தை எட்ட ஆண்களுக்குச் சுமார் 28 நொடி பிடித்தது, 11, 12 வயதுச் சிறுவர்களுக்கு 19 நொடியே போதுமாக இருந்தது. சின்ன அடுப்பு, நன்றாகக் காய்ந்த மெல்லிய விறகு. சிறுவர்களுக்குப் புகையும் குறைவு. செலவான பாஸ்போகிரியேட்டினும் பெரியவர்களைவிட விரைவாக மீள்கிறது. தெருவில் எந்த வார்ம்-அப்பும் இல்லாமல் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் ஓடிப்பிடித்து விளையாட, கூடவே கிளம்பிய அப்பா இரண்டாவது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பதற்கு, வயிற்றைத் தவிர இதுவும் ஒரு காரணம். 9 முதல் 13 வயதுச் சிறுவர்களிடம் முன்-உழைப்பைச் சோதித்தபோதும் ஆரம்ப ஏற்றம் மாறவில்லை, பின்னால் வரும் ஊதாரிச் செலவுதான் குறைந்தது. எனவே பலன் உண்டு. ஏற்கெனவே சீக்கிரம் பற்றும் அடுப்பில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை, அவ்வளவுதான்.

வரலாறு இல்லாமல் விட்டால் கோபிப்பவர்கள் உண்டு. கோபன்ஹேகனில் 1913இல் க்ரோக்கும் லிண்ட்ஹார்டும் உழைப்பின் தொடக்க நொடிகளில் மூச்சும் ரத்த ஓட்டமும் எப்படி மாறுகின்றன என்று அளந்தார்கள். அதே டென்மார்க்கில் 1945இல் அஸ்முசனும் போயேவும் சூடான உடல் நன்றாக உழைக்கிறது என்று காட்டினார்கள். எல்லாம் மனப்பிரமை என்று சந்தேகித்த அமெரிக்கர்கள் சிலர் 1961இல், வார்ம்-அப் செய்தோமா இல்லையா என்பதே நினைவில் நிற்காதபடி ஆட்களை மனோவசியத்தில் ஆழ்த்திச் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள், வித்தியாசம் தெரியவில்லை! அந்தச் சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அவ்வளவு எளிதில் அனுமதிக்காது. சந்தேகம் மட்டும் இன்னும் நியாயமானதே.

இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி குளிர் நாட்டுச் சரக்கு. நம் ஊர் வெயிலில் கணக்கு மாறுகிறது. 1999இல் வெளிவந்த ஒரு சோதனையில், பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை 40 டிகிரி வெக்கையில் மிதிக்கவைத்தார்கள். தொடங்கும் முன் அவர்களைத் தண்ணீரில் அமர்த்தி, உடலின் உள்வெப்பத்தை மூன்று விதமாக வைத்தார்கள். ஏறக்குறைய 36 டிகிரியில் தொடங்கியவர்கள் 63 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். 37.4இல் தொடங்கியபோது 46 நிமிடம், 38.2இல் தொடங்கியபோது வெறும் 28 நிமிடம். மூன்று முறையும் நிறுத்திய இடம் ஒன்றே: உள்வெப்பம் 40 டிகிரியை ஒட்டி. அந்த வரம்பு வரை எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவுதான் அன்றைய இருப்பு. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் கிரவுண்டைச் சுற்றும் பையன் அந்த இருப்பைத்தான் விசிலுக்கு முன்பே செலவழிக்கிறான். வாசகியின் மகன் வாடுவதில் மர்மம் ஏதுமில்லை.

அப்படியென்றால் என்னதான் செய்வது? குளிர்ந்த காலையில் 15 நிமிடம், வெயிலில் 10 நிமிடம் போதும். மெதுவோட்டத்தில் தொடங்கி, பந்தோடு வேகம் கூட்டி, கடைசியில் நாலுக்கு நாலு சிறு ஆட்டமோ சில பாய்ச்சல்களோ. மூச்சிரைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அடுப்பை மூட்டுபவை. கூட்டமாகப் பேசிக்கொண்டே ஓடும் பத்து சுற்று வெறும் வியர்வை. பிறகு நிழல், தண்ணீர், பத்து நிமிட அவகாசம். ஒரே நிலையில் நின்று தசையை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெட்சிங்கை நிமிடக்கணக்கில் நீட்டினால் பாய்ச்சல் கொஞ்சம் மழுங்கும். சில நொடிகள் செய்தால் பாதகமில்லை.

அவகாசம் என்றதும் நம் ஊர்ப் போட்டிகளின் இன்னொரு ஆட்டக்காரர் நினைவுக்கு வருகிறார்: சிறப்பு விருந்தினர். பிள்ளைகள் வார்ம்-அப் முடித்து வரிசையில் நிற்பார்கள். அவரது கார் இன்னும் வந்துகொண்டிருக்கும். வந்தபின் கைகுலுக்கல், பொன்னாடை, குரூப் போட்டோ, இரண்டு வார்த்தை. ஆச்சரியமாக, இதனால் தம்முக்குப் பெரிய சேதமில்லை. முன்-உழைப்பின் பலன் அரை மணி நேரமாவது நிற்கும் என்று சோதனைகள் சொல்கின்றன. குறைவது தசையின் சூடு, அதாவது பாய்ச்சல். டென்மார்க் ஆட்டக்காரர்களிடம் 2004இல் அளந்தபோது, இடைவேளை முடிவதற்குள் தொடைத் தசை சுமார் 2 டிகிரி ஆறியிருந்தது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பாய்ச்சல் வேகம் 2.4 சதவீதம் சரிந்திருந்தது. இடைவேளையின் கடைசி 7 நிமிடம் மிதமாக ஓடியவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. நம் வெயிலில் தசை அவ்வளவு ஆறாது என்பதால் ஓரிரு நிமிடத் துள்ளல் போதும். பேச்சு நீண்டால் வரிசையில் நின்றபடியே குதிக்கலாம். விருந்தினர் உற்சாகம் என்று நினைத்துக்கொள்வார்.

உண்மையில் பிள்ளைகளின் வார்ம்-அப்புக்கு ஆகச் சிறந்த சாட்சியம் தம் பற்றியதே அல்ல. ஃபிஃபாவின் ‘11+’ என்ற 20 நிமிடத் திட்டம் இருக்கிறது: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் தசை வலுவும் சமநிலையும், 2 நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் ஒரு சீசன் முழுக்க இதைச் செய்தபோது, மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான வடிவத்தை நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோது 48 சதவீதம் குறைந்தன. இதே திட்டம் தம்மையும் வளர்க்கிறது என்று சொல்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், கூடுதலாக 20 நிமிடம் உழைத்தால் எந்தப் பெயரில் உழைத்தாலும் கொஞ்சம் தம் வராதா? அது பயிற்சியின் பலன். வார்ம்-அப்பின் கணக்கில் எழுதக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு வார்ம்-அப் யாருக்கு அதிகம் தேவையோ அவனை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெஞ்சில் இருக்கும் சப். ஐம்பது நிமிடம் தண்ணீர் பாட்டில் சுமந்துகொண்டிருந்தவனைத் திடீரென்று “டேய், நீ உள்ளே போ” என்று கோச் தள்ளுகிறார். மற்ற இருபத்தொரு பேரின் அடுப்பும் கனிந்து எரிய, அவனுடையதில் ஓலைகூடப் போடவில்லை. முதல் மூன்று நிமிடத்தில் அவன் மூச்சு வாங்கி நின்றால் “இவனுக்கு ஸ்டாமினா இல்லை” என்று தீர்ப்பு வேறு. இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே, கோட்டுக்கு வெளியே நாலைந்து பாய்ச்சல் ஓடவிட்டு உட்காரவைத்தால் போதும். அதற்குக் கோச், யாரை எப்போது இறக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.