32 பிட் வந்தால் தவில் அடங்குமா?

டிசம்பர் 16ஆம் தேதி மார்கழி பிறக்கிறது. திருமழிசையிலும் பூந்தமல்லியிலும் திருவேற்காட்டிலும் திருமுல்லைவாயிலிலும் விடியுமுன் கோயில் வாசல்கள் திறந்து நாதஸ்வரமும் தவிலும் முழங்கத் தொடங்கும் அந்தக் காலத்துக்குள், கைக்கு அடக்கமான ரெக்கார்டர் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் இந்த வட்டாரத்து ரசிகர்கள் பலருக்கு ஏற்பட்டிருப்பதை, சில வாரங்களாக வந்து குவியும் கடிதங்களிலிருந்து அறிகிறோம். அவற்றில் பெரும்பாலானவை, சொற்கள் வேறாக இருந்தாலும், ஒரே சந்தேகத்தைத்தான் எழுப்புகின்றன: 32 பிட் ஃப்ளோட் என்ற வசதி உள்ள கருவியை வாங்கிவிட்டால், தவில் எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பதிவு கெடவே கெடாது என்று கம்பெனிகள் சொல்கின்றனவே, அது மெய்தானா?

மைக் என்றால் என்ன, மெமரி கார்டை எப்படிச் செருகுவது என்று பாலபாடம் நடத்த இங்கே இடமில்லை. கடிதம் எழுதியவர்கள் செல்போனில் பதிவு செய்து பார்த்து அதிருப்தி அடைந்தவர்கள் ஆதலால் அதற்கு அவசியமும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருவோம்.

32 பிட் ஃப்ளோட் என்பது, கம்பெனிகளின் வர்ணனைப்படி, ஒருபோதும் உடையாத ஒலிப்பதிவு. அந்த வர்ணனையிலிருந்து விளம்பரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மைக்கும் அதன் பெருக்கியும் ஒழுங்காக நடந்துகொண்ட பிறகு அவை கொடுத்ததைச் சேதமில்லாமல் எழுதிவைக்கும் ஒரு முறை என்பதே எஞ்சும்.

ஒலி மைக்கின் மெல்லிய தகட்டில் மோதி மின்னழுத்தமாகி, பெருக்கியில் வளர்ந்து, மாற்றியை அடைந்து எண்ணாக உருவெடுக்கிறது என்பது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. வழக்கமான 24 பிட் கருவியில் அந்த எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முயலும் அலையின் முடி சீவப்பட்டுத் தட்டையாகி, காதில் கரகரவென்று விழுகிறது. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ‘பீக் அடிக்கிறது’ என்பது இதைத்தான். ஸ்பூல் நாடாவின் காலத்தில் இந்தச் சங்கடம் இவ்வளவு குரூரமாக இருந்ததில்லை. நாடாவின் காந்தப் பூச்சு அளவு மீறிய ஓசையை வெட்டாமல் படிப்படியாக அமுக்கி ஏற்றுக்கொண்டுவிடும். 1950களிலும் 60களிலும் ரசிகர்கள் தம் சொந்த ஸ்பூல் யந்திரங்களில் பிடித்துவைத்ததனால் இன்றும் நமக்குக் கேட்கக் கிடைக்கிற மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம் கச்சேரிகளில், உச்சங்கள் சற்று மழுங்கியிருந்தாலும் காதைக் கிழிக்காமல் இருப்பதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம். எண்களுக்கு அத்தகைய தாட்சண்யம் கிடையாது. ஆகையால், கச்சேரி தொடங்குமுன் கெயின் திருகியைச் சரியான இடத்தில் நிறுத்தும் சாமர்த்தியமே இதுநாள் வரை ஒலிப்பதிவில் பாதி வித்தையாக இருந்துவந்தது.

இந்த இடத்தில்தான் புதிய கருவிகள் மெச்சத்தக்க ஒரு யுக்தியைக் கையாளுகின்றன. தங்கம் நிறுக்கும் தராசையும் விறகு நிறுக்கும் தராசையும் அருகருகே வைத்துக்கொண்டு, வருகிற பொருள் எதுவானாலும் இரண்டிலும் ஒரே சமயத்தில் ஏற்றி, எதன் கணக்கு நம்பத்தக்கதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும் வியாபாரியைப் போல, இக்கருவிகளில் ஒரே மைக்கின் மின்னழுத்தம் இரண்டு மாற்றிகளுக்குப் பிரிந்து செல்கிறது. ஒன்று மெல்லிய ஒலியைப் பெருக்கி அளக்கிறது. மற்றது உரத்த ஒலியைப் பெருக்காமல் அளக்கிறது. இரண்டையும் கணத்துக்குக் கணம் ஒப்பிட்டுத் தைத்து, ஒரே எண்ணாக்குவது உள்ளே இருக்கும் சிறு கணிப்பொறியின் வேலை. அந்த எண்ணை எழுதும் முறையும் வேறு: 24 இலக்கங்களின் நுட்பத்தைக் காப்பாற்றிக்கொண்டு, புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை 8 இலக்கங்களால் தனியே குறிப்பதால், எண் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் இடமில்லை என்ற பேச்சே எழுவதில்லை. வீட்டுக்கு வந்து கணிப்பொறியில் போட்டு, உரத்ததைக் குறைக்கலாம், மெல்லியதை உயர்த்தலாம். வெட்டுப்பட்டதாகத் திரையில் தோன்றும் அலைகூட, அளவைக் குறைத்தவுடன் முழு உருவத்தோடு மீண்டு வரும். 2024இல் வெளிவந்த ஜூம் எச்1 எசென்ஷியல் என்ற சிறு கருவியில் கெயின் திருகியே இல்லை என்பதும், அதற்கு முந்தைய எச்1என் கருவியில் அது இருந்தது என்பதும், இந்த யுக்தியின் மீது தயாரிப்பாளர்கள் வைத்துள்ள நம்பிக்கைக்குச் சாட்சி.

யுக்தி மெச்சத்தக்கது. அதன் மேல் கட்டப்பட்ட வாக்குறுதிதான் சந்தேகத்துக்குரியது.

முதலில் எண்களைப் பார்ப்போம். 32 பிட் ஃப்ளோட்டின் வீச்சு சுமார் 1,528 டெசிபல் என்று எடுப்பாக எழுதுகிறார்கள். நாம் வாழும் காற்றழுத்தத்தில் ஓர் ஒலியலை சுமார் 194 டெசிபலை எட்டும்போதே அதன் பள்ளம் வெற்றிடமாகிவிடுகிறது; அதற்கு மேற்பட்டதைச் சீரான ஒலியலை என்று சொல்லவே முடியாது. ஆக, அந்த 1,528இல் பெரும்பகுதி இப்பூவுலகில் எந்த வித்வானும் வாசிக்க இயலாத சங்கீதத்துக்காக ஒதுக்கப்பட்டது. கோயில் மண்டபத்தின் நிலையோ வேறு. மின்விசிறி, பிரகாரத்துப் பேச்சு, வெளியே நெடுஞ்சாலையில் ஊரும் பஸ் எல்லாம் சேர்ந்து நிசப்தம் என்று நாம் கருதும் வேளையிலேயே 40, 45 டெசிபல் இருக்கும் என்று கொள்வோம். தவிலின் மிக உரத்த அடி மைக்கை அடையும்போது 120 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இடைவெளி 80க்குள் அடங்கிவிடுகிறது. பழைய சி.டி.யின் 16 பிட்டுக்கே 96 டெசிபல் வீச்சு உண்டு. காகிதக் கணக்கில் 144 டெசிபல் வீச்சுள்ள 24 பிட் கருவியில், உச்சத்துக்குக் கீழே 15, 20 டெசிபல் இடம் விட்டுக் கெயினை நிறுத்தினால், மண்டபத்தில் நிகழும் யாவும் அதற்குள் சௌகரியமாக உட்காரும். இவ்வளவும் தெரிந்த ஒருவர் புதிய கருவிக்காகப் பழையதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது மைக். எண்ணாக மாறும் இடத்துக்கு வருமுன்பே, தகடும் அதையொட்டிய சிறு மின்சுற்றும் தம் எல்லையைத் தாண்டிவிட்டால், சீவப்பட்ட அலையே இரண்டு தராசுகளுக்கும் போய்ச் சேருகிறது. 32 பிட் அந்தச் சேதத்தையும் மிகத் துல்லியமாக எழுதிவைக்கும். மேற்சொன்ன ஜூம் கருவியின் மைக் தாங்கும் உச்ச அளவு 120 டெசிபல் என்று அதன் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். கெயினை நாமே அமைக்க வேண்டிய 24 பிட் டாஸ்காம் டி.ஆர்.-05எக்ஸ் கருவிக்கோ அந்த அளவு 125. ‘உடையவே உடையாது’ என்ற புகழ் பெற்ற கருவியைவிட அந்தப் புகழ் இல்லாத கருவி, தவிலுக்கு அருகில் ஐந்து டெசிபல் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது என்ற செய்தியை எந்த விளம்பரத்திலும் காண மாட்டீர்கள். வலக்கை விரல்களில் துணியும் மாவுப் பசையும் சேர்த்து இறுக்கிய கூடுகளை மாட்டிக்கொண்டு வித்வான் வலந்தலையில் தட்டும்போதும், இடக்கையின் பூவரசங்கழி தொப்பியில் விழும்போதும் எழுகிற ஓசையின் முனை, வினாடியில் சில ஆயிரத்திலொரு பங்கு நேரமே நிலைத்து மறைவதால், கேட்கும் நமக்கு அது எவ்வளவு உயர்ந்தது என்று தெரிவதே இல்லை. தகடு மட்டும் அதை அறியும். ஆகையால் கடையில் முதலில் கேட்க வேண்டிய எண், பிட் எத்தனை என்பதன்று. மைக் எத்தனை டெசிபல் தாங்கும் என்பதே.

மூன்றாவது, அந்தத் தையல். உரத்த ஒலியை அளக்கும் மாற்றிக்குப் பின்னணி இரைச்சல் சற்று அதிகம். தவில் அடி விழும் கணத்தில் அந்த இரைச்சல் அடியின் ஓசைக்குள் மறைந்துவிடும். அடி ஓய்ந்து, சுருதிப் பெட்டியின் ரீங்காரம் மட்டும் எஞ்சி நிற்கும்போது, கருவி எவ்வளவு விரைவாக மெல்லிய தராசுக்குத் திரும்புகிறது என்பதைப் பொறுத்து, ‘ஸ்ஸ்’ என்றொரு மூச்சு எழுந்து அடங்கக்கூடும். நல்ல கருவிகளில் இது கேட்காது. மலிவான கருவிகளில் ஹெட்போனை அழுத்திப் பிடித்தால் கேட்கலாம். தையல் எந்த அளவில் விழுகிறது என்ற விவரம் பெட்டியின் மேல் அச்சிடப்படுவதில்லை. எனவே காதே பிரமாணம்.

இவை மூன்றும் தீர்ந்தாலும் சவுண்ட் சர்வீஸின் ஒலிபெருக்கி மிச்சம் இருக்கிறது. பந்தலின் இருபுறமும் அடுக்கிய பெட்டிகளில் ஆம்ப்ளிஃபையரே திணறிக் கரகரக்கும்போது, அந்தக் கரகரப்பு உங்கள் கருவிக்கு மற்றெந்த ஓசையையும் போன்ற ஓர் ஓசை. அதை நீக்கும் மந்திரம் எந்தப் பிட்டிலும் கிடையாது. மிக்ஸரிலிருந்து நேரடியாக லைன் வாங்கிவிட்டால் இத்தொல்லை தீரும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தீரும், வேறொன்று முளைக்கும். சிறிய மேடைகளில் ஏற்கெனவே உரக்க ஒலிக்கும் வாத்தியத்துக்கு மிக்ஸரில் மிகக் குறைவாகவே இடம் கொடுப்பார்கள், நாதஸ்வரத்துக்குச் சில சமயம் மைக்கே வைப்பதில்லை. எனவே லைனில் பாடகரின் குரல் மட்டும் மூக்குக்கு நேரே நிற்க, மிருதங்கம் பக்கத்து அறையில் ஒலிப்பதுபோல் கேட்கும். மேலும், லைனில் வரும் மின்னழுத்தம் மைக்குக்குரியதைவிடப் பன்மடங்கு பெரியது. கருவியின் உள்வாய் அதைத் தாங்குமா, மெனுவில் அதற்குத் தனி அமைப்பு உண்டா என்று முதல் நாளே பார்த்துவைக்க வேண்டும்.

ஆதலால் பணத்தைவிட இடம் பெரிது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். தவிலிலிருந்து ஒரு மீட்டரில் நின்றவர் நான்கு மீட்டருக்குப் பின்வாங்கினால், ஒரு காசும் செலவழிக்காமல் மைக்குக்கு 12 டெசிபல் நிம்மதி கிடைக்கிறது. கல் மண்டபத்துக்குள் அவ்வளவு குறையாது. அங்கே பின்னால் போகப் போக எதிரொலியும் பக்கத்திலிருப்பவர்களின் குடும்ப விவகாரங்களும் பதிவில் ஏறும். வித்வான்களுக்கு நேர் எதிரே, தரையிலிருந்து ஆள் உயரத்தில், கருவியைச் சிறு ஸ்டாண்டில் நிறுத்தி, நாதஸ்வரத்தின் அணசு முகத்துக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கமாக வைப்பது பொதுவாகப் பலன் தரும். கையில் பிடிக்க வேண்டாம்; விரல் நகரும் ஓசை தவிலைவிடத் துல்லியமாகப் பதிவாகும்.

அப்படியானால் 32 பிட் யாருக்கு? வாசிப்பவரே தம்மைப் பதிவு செய்துகொள்ளும்போதும், ஸ்வாமி புறப்பாட்டில் கூட்டத்தோடு நடந்துகொண்டே பதிவு செய்யும்போதும், ஆலாபனையின் மெல்லிய தொடக்கம் முதல் தனி ஆவர்த்தனத்தின் உச்சம் வரை திருகியைக் கவனிக்க ஆளில்லாதபோதும் அது உண்மையிலேயே பெரிய உபகாரம். அத்தகையோர் தாராளமாக வாங்கலாம். மைக் தாங்கும் டெசிபல் வரம்பை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாக:

96 கிலோஹெர்ட்ஸ் தேவையா? வேண்டாம், 48 போதும்.

கார்டில் எவ்வளவு இடம் பிடிக்கும்? 48 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோ பதிவு, ஒரு மணிக்கு 24 பிட்டில் ஏறக்குறைய 1 ஜி.பி., 32 பிட் ஃப்ளோட்டில் 1.4 ஜி.பி.

எம்பி3யில் பதிவு செய்யலாமா? நண்பருக்கு அனுப்ப மட்டும், அதுவும் பிறகு மாற்றிக்கொண்டு.

ஆட்டோ லெவல்? அணைத்துவிடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு தவில் அடிக்கும் நாதஸ்வரம் மூழ்கி மூழ்கி எழும்.

லோ கட்? பிரவசனத்துக்கு வையுங்கள், தொப்பியின் கனம் வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்.

காற்று? மண்டபத்துக்குள் ஸ்பாஞ்சு உறை போதும். வீதியில் ரோம உறை வேண்டும்.

பாட்டரி? கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பது உத்தமம். புதிய ஜோடி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

நீண்ட மைக் ஒயர் போடலாமா? கவசமுள்ள ஒயராக இருந்தால். வானொலி டிரான்ஸ்மிட்டர் உள்ள ஆவடியில், கவசமில்லாத நீண்ட ஒயர் தானே ஏரியலாகிவிடக்கூடும்.

எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் உங்கள் ஹெட்போனைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, பில்லோடு வாங்குங்கள்.

சபாக்களில் அனுமதிப்பார்களா? பல சபாக்கள் தடுக்கின்றன. சபாவையும் வித்வானையும் முன்னதாகக் கேட்பதே மரியாதை.

சட்டம் என்ன சொல்கிறது? சொந்த உபயோகத்துக்காகச் செய்யும் பதிவு நிகழ்த்துபவரின் உரிமையை மீறியதாகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு கூறுகிறது. யூடியூபில் ஏற்றுவது சொந்த உபயோகமாகாது.

ஆடியில் கூழ் ஊற்றும்போது அடிக்கும் பறைக்கும் இதே கருவி போதுமா? போதும், இன்னும் நாலடி தள்ளி நில்லுங்கள்.